அப்பா சொன்னதாகச் சொன்னது

ஜூன் 4

தம்பி,

உன்னோடு பேசுவதில்லை என்றுதான் இருந்தேன். டாக்சி வாசலில் நிற்க, பெட்டியைத் தூக்கிக்கொண்டு "நீ கேக்கலைன்னா வேற யாரு அவரைக் கேப்பா?" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்திவிட்டுப் போனாயே, அதற்கு நான் பதில் சொல்லவில்லை. சொல்லவும் போவதில்லை. இப்போது எழுதுவது அப்பாவுக்காக.

அப்பா எழுத்தைத் தேர்ந்தெடுத்தால் குரலாகச் சொல்ல, நீ லேப்டாப்பில் செய்து வைத்துவிட்டுப் போன பேச்சு மெஷின் நின்றுவிட்டது. சனிக்கிழமை காலையில் லேப்டாப் யாரையும் கேட்காமல் ஏதோ அப்டேட் போட்டுக்கொண்டது. அதற்குப் பிறகு திரையில் எழுத்துகள் வருகின்றன, மஞ்சள் கட்டம் முதல் வரிசையிலேயே நிற்கிறது, இறங்க மாட்டேன் என்கிறது. அப்பாவின் விரலுக்கு அடியில் நீ ஒட்டிய காலிங்பெல் பொத்தானை அவர் அழுத்துவது என் கண்ணுக்குத் தெரிகிறது. கம்ப்யூட்டருக்குத் தெரியவில்லை. அழுத்தி அழுத்தி ஓய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நேற்று முழுக்க என்னைப் பார்க்கவே இல்லை.

கண்ணைச் சிமிட்டச் சொல்லிப் பார்த்தேன். மூச்சு மாஸ்கிலிருந்து கசியும் காற்று கண்ணில் அடித்து இமை தன்பாட்டுக்குத் துடித்துக்கொண்டே இருக்கிறது. ஆமாவா, இல்லையா, எதுவும் புரியவில்லை.

நேற்று டாக்டர் வந்தார். மாஸ்க் இனி ரொம்ப நாள் தாங்காது என்றார். தொண்டையில் துளை போட்டு மூச்சு மெஷினோடு இணைத்துவிட்டால் அப்பா இருப்பார், வருடக் கணக்கில்கூட இருக்கலாம். இல்லையென்றால் சில வாரங்கள். போட்டுவிடுங்கள் என்று நான் உடனே சொன்னேன். அவர் என்னைப் பார்த்து, "நோய் அவரோட தசையைத்தான் தின்னுருக்கு, புத்தியை இல்லம்மா. அவர் வாயால வரணும்" என்றார். வாய் எங்கே இருக்கிறது? வாய் அந்த லேப்டாப்தானே!

இதே கேள்விக்காகத்தான் நாம் சண்டை போட்டோம். நீ ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொள்ளாதே. அப்பா வேண்டாம் என்றுதான் சொல்வார் என்று நீ முடிவுகட்டியிருந்தாய். நான் அதை இன்னும் நம்பவில்லை.

ஃபோன் செய்யாமல் எழுதுவதற்கு ரோஷம் மட்டும் காரணமில்லை. கட்டில் ஹாலில் இருக்கிறது. இந்த வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் ஹாலுக்குக் கேட்கும். நோய் எல்லாவற்றையும் பிடுங்கிக்கொண்டு காதை மட்டும் விட்டுவைத்திருக்கிறது.

லேபில் லீவு சொல்லிவிட்டேன். யார் கையிலும் நரம்பைக் கண்டுபிடித்து ஊசி குத்துவேன். இந்த லேப்டாப்பில் எங்கே குத்துவது என்று தெரியவில்லை. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. என்ன செய்ய வேண்டும் என்று சொல்.

அக்கா

ஜூன் 7

அக்கா,

உன் மெயில் இன்று காலைதான் வந்து விழுந்தது. கப்பல் நடுக்கடலில் இருக்கிறது. இங்கே எழுத்து மட்டும் போகும், வரும். உன் லேப்டாப்புக்குள் இங்கிருந்து என்னால் நுழைய முடியாது. அடுத்த துறைமுகம் மாதக் கடைசியில்.

முதலில் பொத்தானின் வயரைக் கழற்றி லேப்டாப்பின் அடுத்த பக்கத்தில் சொருகிப் பார். ஏற்கெனவே பார்த்திருப்பாய்.

அதிலும் சரியாகாவிட்டால் இப்படிச் செய். நீ லேபுக்கு மெயில் எழுதப் பயன்படுத்தும் ஏஐ சாட் ஆப் அந்த லேப்டாப்பிலேயே இருக்கிறது. அதற்குள் கம்ப்யூட்டர் கோட் எழுதும் ஏஜென்ட் என்று தனியாக ஒரு பகுதி உண்டு. அது வெறும் பேச்சோடு நிற்காது. பேச்சு மெஷினின் ஃபோல்டரைக் காட்டினால் உள்ளே போய்ப் படிக்கும், திருத்தும், தானே ஓட்டியும் பார்க்கும். என்னிடம் எழுதிய மாதிரியே அதனிடம் தமிழில் எழுது. திட்டுகளை மட்டும் விட்டுவிடு.

இரண்டு விஷயம். ஃபோல்டருக்கு ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு ஆரம்பி. எதையும் மாற்றும் முன் அது உன்னிடம் அனுமதி கேட்கும். என்ன கேட்கிறது என்று படித்துவிட்டு அழுத்து. படிக்கும் பொறுமை உனக்குக் கிடையாது, தெரியும். ரத்தக் குழாயில் ஒட்டும் பெயர்ச்சீட்டைப் படிக்கிற மாதிரி படி.

அன்று தெருவில் கத்தியது தப்பு. கேட்டது தப்பில்லை.

அப்பாவின் காது கேட்கிறதென்றால், நான் விசாரித்தேன் என்று சொல். வேண்டாம், சொல்லாதே. நீயே பார்த்துக்கொள்.

தம்பி

ஜூன் 10

தம்பி,

பேசிவிட்டார்!

நீ சொன்னபடியே செய்தேன். அந்த ஏஜென்ட் உன்னைவிட மரியாதை தெரிந்தது. "உங்கள் அப்பாவுக்கு இது எவ்வளவு அவசியம் என்று புரிகிறது, முதலில் ஃபோல்டரைப் பார்க்கிறேன்" என்று ஆரம்பித்தது. பிறகு புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண் மாதிரி ஒவ்வொன்றுக்கும் வந்து நின்றது. இந்தக் கோப்பைத் திறக்கலாமா, இந்த வரியை மாற்றலாமா, ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாமா. முதலில் எல்லாவற்றையும் படித்தேன், சத்தியமாகப் படித்தேன். அப்டேட்டுக்குப் பிறகு பொத்தானை லேப்டாப் வேறு ஏதோ பொருள் என்று நினைத்துக்கொண்டதாம். அதைக் கண்டுபிடித்து, திருத்தி, "இப்போது அப்பாவை ஒருமுறை அழுத்தச் சொல்லுங்கள்" என்றது. மஞ்சள் கட்டம் இறங்கியது. எனக்குக் கண்ணே தெரியவில்லை, அப்படி அழுதேன்.

அப்பாவின் முதல் வார்த்தை என்ன தெரியுமா? தலையணை. நாலு நாளாகக் கழுத்தடியில் தலையணை மடிந்து கிடந்திருக்கிறது. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களை எல்லாம் வெளியே எடுத்த மனுஷன், ஒரு மடிப்பைச் சொல்ல முடியாமல் படுத்திருந்திருக்கிறார்.

ஆனால் தம்பி, அந்த ஒரு வார்த்தைக்குள் ஓய்ந்துவிட்டார். வரிசை வரிசையாகக் கட்டம் இறங்கி, அவர் நிறுத்தி, பிறகு எழுத்து எழுத்தாக நகர்ந்து, தவறிப்போய், மறுபடி முதலிலிருந்து. போன மாதத்தைவிட விரல் ரொம்பத் தளர்ந்துவிட்டது. இந்த வேகத்தில் டாக்டருக்கு எப்படிப் பதில் சொல்வார்? அதனால் ஏஜென்டிடமே கேட்டேன். ஃபோனில் ஒரு வார்த்தை எழுதினால் அடுத்த வார்த்தையை அதுவே நீட்டுமே, அப்படி அப்பாவுக்கு முழு வாக்கியமாக நீட்ட முடியுமா என்று. முடியும், அவர் எழுதியவை ஏதாவது இருந்தால் அவர் நடையிலேயே வரும் என்றது. அப்பா எங்கே எழுதினார்! அவர் ஃபோனில் இருந்த நம் குடும்ப மெசேஜ்களை அப்படியே எடுத்துக் கொடுத்தேன். அதைப் பார்த்துவிட்டு ஏதோ நீளமாகக் கேட்டது. அப்பாவுக்கு மாஸ்க் நழுவிக்கொண்டிருந்தது, அனுமதி என்று அழுத்திவிட்டு ஓடினேன். வந்து பார்த்தால் எல்லாம் தயார்.

நாளையிலிருந்து அது. உன் கேள்வியை இன்னும் கேட்கவில்லை. அவசரப்படுத்தாதே.

அக்கா

ஜூன் 13

அக்கா,

எஞ்சின் அறையில் படித்தேன். தலையணை என்ற இடத்தில் நிறுத்திவிட்டு டெக்குக்குப் போய்விட்டேன். பிறகு வந்து மீதியைப் படித்தேன்.

சந்தோஷம். நிஜமாகவே.

டாக்டர் கேட்டதை நீ கேட்க வேண்டும். தள்ளிப்போட்டால் மூச்சுத் திணறி, மயங்கி, ஆஸ்பத்திரியில் யாரோ ஒருவர் முடிவெடுப்பார். அப்பா அதை மன்னிக்க மாட்டார். ஒரு லிஃப்டின் கதவைக்கூட இன்னொரு மெக்கானிக் தொட விடாதவர் அவர்.

என்னைப் பற்றி ஏதாவது சொன்னாரா? புறப்படும்போது அவர் முகத்தைப் பார்க்காமல் வந்துவிட்டேன். உன்னோடு போட்ட சண்டையை அவர் காதுபடத்தானே போட்டேன். சொல்லவில்லை என்றாலும் பரவாயில்லை, எழுது.

தம்பி

ஜூன் 17

தம்பி,

உட்கார்ந்துகொண்டு படி.

அப்பா வாக்கியமாகப் பேசுகிறார். பொத்தானை ஓரிரு முறை அழுத்தினால் போதும், திரையில் வாக்கியங்கள் வந்து நிற்கின்றன, இன்னொரு அழுத்து, குரல் வருகிறது. காலையில் எழுந்ததும், "நல்லா தூங்கினேன், நீயும் கொஞ்சம் படு" என்கிறார். பகல் நேர நர்சைப் பார்த்து, "உனக்குப் புண்ணியமா போகும்" என்றார். அந்தப் பெண் அழுதுவிட்டாள். பத்து வார்த்தையில் ஒரு வருடத்தை ஓட்டும் நம் அப்பா! நோய் வந்த பிறகுதான் மனுஷனுக்கு வாய் திறந்திருக்கிறது என்று நான் சிரித்தேன். எத்தனை மாதம் கழித்து இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது என்று தெரியவில்லை.

நேற்று டாக்டர் வந்தார். நானே கேட்டேன், நீ சொன்னபடி, நேராக. தொண்டையில் துளை போட்டு மெஷின் வைக்கலாமாப்பா என்றேன். அப்பா அழுத்தினார். "எனக்கு" என்று ஒரு வார்த்தை வந்தது. திரையில் வாக்கியங்கள் வந்தன. மறுபடி அழுத்தினார். "எனக்கு இன்னும் உங்க எல்லார்கூடவும் இருக்கணும். நீங்க தைரியமா செய்யுங்க." டாக்டர் அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். அடுத்த வியாழக்கிழமை ஆஸ்பத்திரி.

வேண்டாம் என்பார் என்றாயே. என் அப்பாவை எனக்குத் தெரியாதா?

நீ கேட்டதற்கும் பதில் இருக்கிறது. சாயங்காலம், சின்னவனுக்கு எழுதப் போறேன், என்ன சொல்லட்டும் என்று கேட்டேன். "கோபமெல்லாம் எப்பவோ போயிருச்சு. வேளாவேளைக்கு சாப்பிடுறானான்னு கேளு" என்றார். போதுமா? உன் கப்பல் சமையல்காரனிடம் சொல்லி இன்று ஒழுங்காகச் சாப்பிடு.

அக்கா

ஜூன் 19

அக்கா,

கோபமெல்லாம் போயிருச்சு என்ற வரியைப் படித்துக் குழந்தை மாதிரி அழுதேன். கூட வேலை செய்பவன் வந்து என்ன, வீட்டில் யாராவது போய்விட்டார்களா என்று கேட்டான். மனசு நிறைந்துதான் படுத்தேன்.

விடிந்ததும் மறுபடி படித்தேன். இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. என்மேல் பாயாமல் கேள்.

அப்பா ஒருநாளாவது நம்மைச் சாப்பிட்டாயா என்று கேட்டிருக்கிறாரா? தட்டில் கூட ஒரு கரண்டி வைத்துவிட்டுப் போவார், கேட்க மாட்டார். "உனக்குப் புண்ணியமா போகும்" என்பது யாருடைய பேச்சு? லேபில் ரத்தம் கொடுக்க வருகிறவர்கள் கையை நீட்டினால் நீதானே அப்படிச் சொல்வாய். "தைரியமா செய்யுங்க" என்பதும் நீதான். நான் முதன்முதலாகக் கப்பல் ஏறியபோது நீ அனுப்பிய மெசேஜ் இன்னும் என் ஃபோனில் இருக்கிறது. வேளாவேளைக்கு சாப்பிடு, தைரியமாக இரு. அதே வார்த்தைகள்.

அந்த ஏஜென்டுக்கு நீ கொடுத்த மெசேஜ்களில் அப்பா எழுதியவை எத்தனை இருக்கும்? அவர் என்ன எழுதுவார்? சரி. வரேன். ம். மீதி எல்லாம் நீ அவருக்கு எழுதியவை அல்லவா?

அதனிடம் கேள். இன்றே கேள். அந்த வாக்கியங்கள் எங்கிருந்து வருகின்றன என்று நேராகக் கேட்டால் சொல்லும். அதுவரை வியாழக்கிழமைக்குச் சம்மதம் சொல்லாதே. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

தம்பி

ஜூன் 20

உனக்கு அவர் பிழைத்திருப்பது பொறுக்கவில்லை.

தூரத்தில் இருப்பவனுக்குச் சந்தேகப்படுவது சுலபம். நீ கடலில் உட்கார்ந்துகொண்டு வார்த்தைகளைச் சல்லடை போட்டுச் சலிக்கிறாய். இங்கே உடம்பைத் திருப்பிப் போடுவதும், எச்சிலை உறிஞ்சி எடுப்பதும், மாஸ்க் உரசிய மூக்குப் புண்ணுக்கு மருந்து தடவுவதும் நான். சாகக் கிடக்கிற மனுஷன் மனசு மாறக் கூடாதா? பெற்ற மகளோடு இரண்டு வார்த்தை கூடப் பேசக் கூடாதா? என் பேச்சு அவருக்கு ஒட்டிக்கொண்டதென்றால் அதில் என்ன அதிசயம், நாள் முழுக்கக் கேட்பது என் பேச்சைத்தானே.

எதையும் யாரிடமும் கேட்கப் போவதில்லை. வியாழக்கிழமை போகிறோம். இனி எழுதாதே.

ஜூன் 21

தம்பி,

நேற்று எழுதியதைக் கிழித்துப் போட முடியவில்லை, போய்விட்டது. மனசில் வைத்துக்கொள்ளாதே. இதைப் படி.

இன்று மத்தியானம் அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். நான் அவர் காலடியில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று லேப்டாப் பேசியது. "எனக்கு ஒண்ணும் இல்ல. நீ கவலைப்படாத." விழித்துவிட்டார் என்று நினைத்து எழுந்து பார்த்தேன். மாஸ்குக்குள் வாய் திறந்திருக்கிறது, கண் செருகியிருக்கிறது, நல்ல தூக்கம். விரல் மட்டும் துடிக்கிறது. நோயில் தசை தானாகத் துடிக்குமே, அந்தத் துடிப்பு. துடித்தால் பொத்தான் அழுந்துகிறது. அழுந்தினால் வாக்கியம் வருகிறது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொன்று வந்தது. "நான் எங்கயும் போக மாட்டேன்."

மடித்த துணியை அப்படியே போட்டுவிட்டு லேப்டாப் முன்னால் போய் உட்கார்ந்தேன்.

ஏஜென்டிடம் கேட்டேன். சுற்றி வளைக்கவில்லை. மெசேஜ்களில் பெரும்பகுதி என்னுடையது, அப்பாவுடையவை ஒன்றிரண்டு சொற்கள்தான், அதனால் வாக்கியங்கள் என் எழுத்திலிருந்தே உருவாகின்றன என்றது. இதை மாற்றம் செய்வதற்கு முன்பே என்னிடம் சொல்லி, தொடரலாமா என்று கேட்டதாம். மேலே தள்ளிப் போய்ப் பார்த்தேன். அன்று நான் படிக்காமல் அனுமதி அழுத்தினேனே, அதே நீளமான கேள்வி. "இந்தப் பரிந்துரைகள் அவர் நினைப்பதைவிட நீங்கள் எழுதுவதைப் போலவே இருக்கும். முக்கியமான முடிவுகளுக்கு இவற்றை நம்ப வேண்டாம். தொடரலாமா?" அத்தனை தெளிவாக இருக்கிறது. ஒரு குறை சொல்ல முடியவில்லை. நான்தான்.

அப்பாவின் கையிலிருந்து பொத்தானை எடுத்து என் மடியில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கண்டபடி அழுத்திப் பார்த்தேன். எல்லாம் நான். எனக்கு இன்னும் இருக்கணும். நீ தைரியமா இரு. எல்லாம் சரியாயிரும். அவருக்கு நோய் என்று தெரிந்த நாளிலிருந்து அவர் ஃபோனுக்கு நான் அனுப்பிய ஆறுதல் அத்தனையும், அவர் குரல் என்று நாம் தேர்ந்தெடுத்த அந்த ஆண் குரலில் திரும்பி வருகிறது. இத்தனை நாளும் நான் என்னோடுதான் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். அப்பா பார்த்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறார்.

நாலு நாளில் அவர் தொண்டையில் கத்தி வைக்கப் போகிறார்கள், நான் சொன்ன வார்த்தைக்காக. மறுபடி கேட்க வேண்டும் என்று தெரிகிறது. என்னால் முடியாது தம்பி. கேட்டு, அவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? அதற்குப் பிறகு நான் அந்த ஹாலில் என்ன செய்வேன்? கேட்காமலே விட்டுவிட்டால் அவர் உயிரோடு இருப்பார். யாருக்கும் தெரியாது. உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். இப்படியும் நினைத்தேன், உன்னிடம் மறைக்கவில்லை.

எழுதாதே என்றேனே, எழுது. சீக்கிரம் எழுது.

அக்கா

ஜூன் 22

அக்கா,

கேட்காமல் விட முடியாது. உனக்கும் எனக்கும் மட்டுமில்லை, அப்பாவுக்கும் தெரியும். அவர் காது கேட்கிறது என்று நீதான் எழுதினாய்.

முதலில் வேலையைச் சொல்கிறேன். ஏஜென்டிடம் சொல்லி வாக்கியப் பரிந்துரை முழுவதையும் எடுத்துவிடு. பழையபடி எழுத்து எழுத்தாக வரட்டும். விரல் இனி ஆகாது. இடது கால் கட்டைவிரலைப் பார். நான் இருந்தபோது போர்வை பிடிக்கவில்லை என்றால் அந்த விரலால் தள்ளிவிடுவார். அங்கே பொத்தானை வை. கொஞ்ச நேரம் விடாமல் அழுத்திப் பிடித்தால் மட்டும் கணக்கில் எடுக்கும்படி மாற்றச் சொல். துடிப்பு சட்டென்று வந்து போய்விடும், அழுத்திப் பிடிக்காது. அவர் தூங்கும்போது ஒருமுறை சோதித்துப் பார். தானாகப் பேசாமல் இருந்தால்தான் நம்பு.

கேள்வியை இரண்டு விதமாகக் கேள். துளை போடலாமா என்று ஒருமுறை. கொஞ்சம் ஓய்வு கொடுத்து, போட வேண்டாமா என்று ஒருமுறை. இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

அனுமதி கேட்கும் ஒவ்வொன்றையும் படி.

இன்னொன்று. அவர் முன்னால் அழாதே. நீ அழுதால் உனக்காகச் சரி என்று சொல்லிவிடுவார். அவரை எனக்கும் கொஞ்சம் தெரியும்.

கேள் கேள் என்று நான் கத்தியதைத் தைரியம் என்று நினைத்துவிடாதே. பதில் வரும்போது நான் அந்த ஹாலில் இருக்க மாட்டேன் என்று எனக்குத் தெரியும். கேட்கச் சொல்வது சுலபமாக இருந்தது. உன்னை அங்கே தனியாக நிறுத்திவிட்டு இதை எழுதுகிறேன்.

துறைமுகத்தில் இறங்க அனுமதி கேட்டிருக்கிறேன்.

தம்பி

ஜூன் 24

தம்பி,

முடிந்துவிட்டது. ஒழுங்காகச் சொல்லப் பார்க்கிறேன்.

நேற்றுக் காலை ஏஜென்டோடு உட்கார்ந்தேன். கேட்ட ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்துத்தான் அழுத்தினேன், அப்பாவுக்கும் கேட்கட்டும் என்று. பரிந்துரையை எடுத்தாயிற்று. அழுத்திப் பிடிக்கும் நேரத்தைக் கூட்டியாயிற்று. கால் விரல் நீ சொன்னபடியே அசைகிறது. எத்தனை தடவை போர்வையைச் சரிசெய்திருக்கிறேன், எனக்குத் தெரியாமல் போய்விட்டது. மத்தியானத் தூக்கத்தில் லேப்டாப் ஒரு சத்தம் போடவில்லை.

அவர் எழுந்ததும் நாற்காலியை முகத்துக்கு நேராகப் போட்டுக்கொண்டு நடந்ததை எல்லாம் சொன்னேன். அப்பா, இத்தனை நாள் இது உங்க பேர்ல பேசினது என்னோட பேச்சு, எனக்கே தெரியாம நடந்துருச்சு என்றேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கால் விரல் அழுத்தியது. கட்டம் இறங்கி, நின்று, நகர்ந்து, ஒரு வார்த்தை வந்தது.

"தெரியும்."

தெரிஞ்சும் ஏம்பா என்னைத் தடுக்கலை என்றேன். அதற்கு ரொம்ப நேரமானது. இடையில் இரண்டு முறை தவறி, மாஸ்கைச் சரிசெய்து, மறுபடி ஆரம்பித்தோம்.

"சொல்ல விடல அது. அப்புறம் நீ சிரிச்ச."

தடுக்க நினைத்து ஆரம்பித்த வார்த்தையை எல்லாம் அது பாதியில் பிடுங்கி என் வாக்கியமாக முடித்திருக்கிறது. டாக்டர் முன்னாலும் அப்படித்தான். "எனக்கு" என்று ஆரம்பித்து அவர் என்ன சொல்ல வந்தாரோ. பிறகு நான் சிரித்ததைப் பார்த்து, போகட்டும் என்று விட்டுவிட்டார். தன் தொண்டையை வெட்டுவதற்கும் போகட்டும் என்று விட்டிருக்கிறார், தம்பி. அழாதே என்றாயே, எழுந்து சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதுவிட்டு வந்தேன்.

இன்று காலை கேட்டேன். துளை போடலாமாப்பா. கால் விரல் அசையவில்லை. காத்திருந்தேன். அசையவே இல்லை. நர்ஸ் வந்து உடம்பைத் துடைத்து, குழாய் வழியாகப் பால் கொடுத்து முடித்த பிறகு, போட வேண்டாமாப்பா என்றேன். அழுத்தினார். அழுத்திப் பிடித்தார். விடவில்லை. போதும்பா, புரிஞ்சுது என்று நான் சொன்ன பிறகுதான் விட்டார். பிறகு தானாகவே எழுத ஆரம்பித்தார்.

"பயமா இருக்கு. ஆனா வேண்டாம்."

எனக்கும் பயமா இருக்குப்பா என்றேன். அவர் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரையில் கட்டம் வெறுமனே இறங்கிக்கொண்டே இருந்தது.

டாக்டருக்கு ஃபோன் செய்தேன். ஹாலிலேயே நின்று செய்தேன், அப்பா கேட்கும்படி. அன்று வந்த பதில் அப்பாவுடையது இல்லை, இதுதான் அவருடையது என்று சொன்னேன். வேண்டாம் என்ற வார்த்தையை என் வாயால் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லிவிட்டேன். இனி வலி இல்லாமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை என்றார். மூச்சு போகப்போக இறங்கும், எப்போது என்று சொல்ல முடியாது என்றார்.

சாயங்காலத்திலிருந்து மூச்சு மேலோட்டமாகத்தான் இருக்கிறது. எதுவும் எழுதவில்லை. நான் அவர் காதோரம், சின்னவன் கிளம்பிட்டான், அவன் வர்ற வரைக்கும் இருங்கப்பா என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். நீ கிளம்பிவிட்டாய்தானே? உன் சார்பில் வேறு ஏதாவது சொல்லட்டுமா? என்ன சொல்ல வேண்டும் என்று எழுது, சொல்கிறேன்.

அக்கா

ஜூன் 25

அக்கா,

இறங்க அனுமதி கிடைத்துவிட்டது. இன்னும் கரை தெரியவில்லை. கரையிலிருந்து விமானம், அங்கிருந்து இன்னொன்று. நேரத்துக்கு வந்து சேர்வேனா என்று தெரியாது. வந்துவிடுவேன் என்று உனக்கு ஆறுதல் சொல்ல மாட்டேன்.

நீ செய்ததை நான் செய்திருக்க மாட்டேன். என்னால் முடிந்திருக்காது.

நான் வரும்வரை இருக்கச் சொல்லி அவரைக் கேட்காதே. நீ கேட்டால் இருக்கப் பார்ப்பார். ஒவ்வொரு மூச்சையும் இழுத்துப் பிடித்துக்கொண்டு, எனக்காகப் படுத்திருப்பார். இப்போதுதான் தன் வார்த்தையைச் சொல்லி முடித்திருக்கிறார். அதன்மேல் நம்முடையதை மறுபடி ஏற்ற வேண்டாம்.

என் சார்பில் சொல்லக் கேட்டாயே. கீழே ஒரு வரி இருக்கிறது. நாற்காலியை அவர் முகத்துக்கு நேராகப் போட்டுக்கொண்டு, உன் பங்குக்கு எதையும் சேர்க்காமல், எதையும் விடாமல், அப்படியே வாசி.

அப்பா, நான் வந்துக்கிட்டு இருக்கேன். அதுவரைக்கும் இருங்கன்னு சொல்ல மாட்டேன்.